நம் ஜகாத் யாருடைய கைக்குப் போகிறது?

 



ஷஃபான் மாதத்தின் கடைசி ஜுமுஆவில் அமர்ந்திருக்கிறோம். ரமழான் நம் வாசலில் நிற்கிறது. வியாபாரிகள் ஜகாத் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "அத்தா, இந்த வருஷம் யாருக்குக் கொடுப்பது?" என்று போனில் கேட்கிறார்கள். ரசீது புத்தகத்தோடு வருபவர்களும் வருவார்கள். வாட்ஸ்அப்பில் கண்ணீர் வரவழைக்கும் படங்களும் வரும். அவர்களில் உண்மையானவர்கள் நிறைய உண்டு. நம் ஈமானையே முதலீடாக வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. இன்று பேசப்போவது அவர்களைப் பற்றியும், அவர்களிடம் ஏமாறாமல் இருப்பது பற்றியும்தான்.

நான் செய்த தவறு

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன், வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு ஒருவர் வந்தார். தொப்பி, தாடி, கையில் ஒரு ஆஸ்பத்திரி ஃபைல். குழந்தைக்கு இருதய ஆபரேஷன் என்றார். தூர மாவட்டத்து ஜமாஅத் ஒன்றின் லெட்டர்பேடில் பரிந்துரைக் கடிதம் இருந்தது. சீல், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். "ஆமாம் ஹஜ்ரத், நம் மஹல்லாவாசிதான், பாவம், உதவுங்கள்" என்று பதில் வந்தது.

மறுநாள் ஜுமுஆவில் மிம்பரில் நின்று நானே அறிவிப்புச் செய்தேன். வாசலில் இரண்டு பேர் துண்டு ஏந்தி நின்றார்கள். 41,500 ரூபாய் சேர்ந்தது. இடியாப்பம் விற்றுப் பிழைக்கும் ஒரு பாட்டியம்மா பேரனிடம் 500 ரூபாய் கொடுத்தனுப்பியிருந்தார். வந்தவர் அழுதார். நாங்களும் அழுதோம்.

இரண்டு மாதம் கழித்து, இமாம்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அதே ஃபைலின் படம் வந்தது. குழந்தையின் படம் அதே படம், பெயர் மட்டும் வேறு. பிறகுதான் அந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஆலிம் ஒருவர் மூலம் விசாரித்தேன். அந்த ஜமாஅத்தில் அப்படி ஒரு கடிதமே கொடுக்கப்படவில்லை. நான் விசாரித்தது உண்மை. ஆனால் யாரிடம் விசாரித்தேன்? அவன் கொடுத்த கடிதத்தில், அவன் அச்சடித்த எண்ணில், அவனுடைய கூட்டாளியிடம் விசாரித்தேன்.

கதை அதோடு முடியவில்லை. சில வாரங்களில் எங்கள் மஹல்லாவிலேயே ஒரு சகோதரருக்கு டயாலிஸிஸ் செய்ய வேண்டிய நிலை வந்தது. உண்மையான ஏழை, எல்லோரும் அறிந்தவர். மறுபடி துண்டு ஏந்தினோம். 2,300 ரூபாய்தான் சேர்ந்தது. ஜனங்களின் மனசு அடைத்துப் போயிருந்தது. அந்தப் பொய்யன் 41,500 ரூபாயை மட்டும் எடுத்துப் போகவில்லை. அடுத்து வரவிருந்த உண்மையான ஏழையின் பங்கையும் சேர்த்து எடுத்துப் போனான். அந்தப் பாட்டியம்மாவின் 500 ரூபாய்க்கு நான் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வேன் என்ற கவலை இன்றும் எனக்கு உண்டு.

"நிய்யத்துக்குக் கூலி கிடைத்துவிடுமே?"

இப்படிப் பேசினால் சிலர் சொல்வார்கள்: "ஹஜ்ரத், நான் அல்லாஹ்வுக்காகக் கொடுத்தேன். வாங்கினவன் ஏமாற்றினால் அது அவன் பாடு." இதில் பாதி உண்மை இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு மனிதர் இரவில் யாருக்கும் தெரியாமல் தர்மம் கொடுக்கிறார். ஒரு நாள் அது திருடன் கைக்கும், ஒரு நாள் தவறான நடத்தையுள்ள பெண்ணின் கைக்கும், ஒரு நாள் பணக்காரன் கைக்கும் போய்விடுகிறது. ஊரே பேசுகிறது. அவரோ ஒவ்வொரு முறையும் அல்லாஹ்வைப் புகழ்கிறார். அந்தத் தர்மத்தால் அவர்கள் திருந்தக்கூடும், பணக்காரன் பாடம் பெறக்கூடும் என்று அவருக்கு ஆறுதல் சொல்லப்பட்டது. அவருடைய நிய்யத் வீணாகவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தெரிந்தே கொடுக்கவில்லை. உரியவருக்குப் போக வேண்டும் என்றுதான் ஒவ்வொரு இரவும் மறுபடி புறப்பட்டார். "யாருக்குப் போனால் என்ன" என்று அவர் இருந்துவிடவில்லை. அறியாமல் நேர்ந்த தவறுக்கு ஆறுதல் சொல்லும் ஹதீஸை, விசாரிக்காமல் இருப்பதற்கு அனுமதியாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, ஸதகா வேறு, ஜகாத் வேறு. ஜகாத் நம் விருப்பத்துக்குக் கொடுக்கும் நன்கொடை அல்ல. ஏழைக்கு நாம் பட்டிருக்கும் கடன். யார் யாருக்குச் சேர வேண்டும் என்று எட்டு வகையினரை அல்லாஹ்வே அத்தியாயம் 9, வசனம் 60-இல் வரையறுத்துவிட்டான். ஏழை என்று விசாரித்து, மனம் நம்பி, ஒருவர் கையில் நேரடியாகக் கொடுக்கிறீர்கள். பிறகு அவர் வசதியானவர் என்று தெரிகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அந்த ஜகாத் நிறைவேறிவிடும். அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ திரும்பக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலும் சட்டம் இறுக்கமானது. சந்தேகம் இருந்தும் விசாரிக்காமல் கொடுத்து, பிறகு தகுதியற்றவர் என்று தெரிந்தால், ஹனஃபி மத்ஹபிலும் திரும்பக் கொடுத்தாக வேண்டும்.

"நாங்கள் ஏழைகளிடம் சேர்க்கிறோம்" என்று வாங்கிக்கொண்டு, சேர்க்காமலே விழுங்கிவிட்டவனிடம் கொடுத்திருந்தால்? அவன் ஜகாத் பெற்றவன் அல்ல, உங்கள் சார்பில் கொண்டு போனவன். ஏழையின் கைக்கு எதுவும் போகவில்லை. கடன் உங்கள் கழுத்திலேயே இருக்கிறது. ஒரு லட்சம் ஜகாத் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறவருக்கு, மறுமையில் அந்த ஒரு லட்சம் பாக்கியாக நிற்கலாம். அப்படி நேர்ந்திருந்தால், உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் விவரத்தைச் சொல்லிச் சட்டம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாரிப்பது சுன்னத்

விசாரித்துக் கொடுப்பது சந்தேகப் புத்தி, கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். முஸ்லிம் ஷரீஃபில் கபீஸா இப்னு முகாரிக் (ரலி) அவர்களின் ஹதீஸ் இருக்கிறது. அவர் ஒரு சமாதானத்துக்காகப் பிறருடைய பொறுப்புத் தொகையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். ஸதகாப் பொருள் வரட்டும், தரச் சொல்கிறேன் என்று நபியவர்கள் அவரைத் தங்கச் சொன்னார்கள். பிறகு, மூன்று வகையினருக்கே கேட்பது ஆகும் என்று விளக்கினார்கள். பிறருக்காகப் பொறுப்பேற்றவர் ஒருவர். பேரழிவில் சொத்தை இழந்தவர் இன்னொருவர். வறுமையில் விழுந்தவர் மூன்றாமவர். இந்த மூன்றாமவருக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இவருக்கு வறுமை வந்திருப்பது உண்மைதான் என்று அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த விவரமுள்ள மூன்று பேர் சொல்ல வேண்டும்.

சுப்ஹானல்லாஹ்! ஸஹாபாக்கள் வாழ்ந்த காலத்தில், மதீனாவில் சொல்லப்பட்ட நிபந்தனை இது. வந்தவனுடைய கண்ணீரும் அவன் கொண்டு வந்த காகிதமும் போதும் என்று நபியவர்கள் சொல்லவில்லை. அவனை அறிந்த, அவன் ஊரைச் சேர்ந்த, விவரமுள்ள மூன்று பேரைக் கேட்டார்கள். நான் அன்று ஒருவரிடம் கேட்டேன். அந்த ஒருவரும் அவன் காட்டிய ஆள்.

நம்பகமற்றவன் ஒரு செய்தி கொண்டு வந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்துவீர்கள் என்ற கருத்தை அத்தியாயம் 49, வசனம் 6 நமக்குச் சொல்கிறது. நாம் அன்று யாருக்குத் தீங்கு செய்தோம்? டயாலிஸிஸுக்காகக் காத்திருந்த அந்தச் சகோதரருக்கு.

எப்படி விசாரிப்பது?

நேரில் வருபவர் என்றால்: கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். அந்த ஊர் இமாமையோ முத்தவல்லியையோ, அங்கே இருக்கும் உங்கள் சொந்தக்காரரையோ நீங்களாகத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். நம் மஹல்லாக்கள் ஒன்றோடொன்று சம்பந்தம் செய்துகொண்டவை. ஒரு மணி நேரத்தில் மூன்று பேரைப் பிடித்துவிடலாம். ஆபரேஷன் என்றால் பணத்தை ஆஸ்பத்திரியின் கணக்கில் நோயாளியின் பெயருக்கே கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். படிப்பு என்றால் கல்லூரியில் ஃபீஸ் கட்டி ரசீது வாங்குங்கள். குமர் காரியம் என்றால் அந்த மஹல்லா ஜமாஅத் மூலமாகவே கொடுங்கள். உண்மையான தேவை உள்ளவர் இதற்குச் சந்தோஷப்படுவார். "இல்லை, கையில் ரொக்கமாகத்தான் வேண்டும், இப்போதே வேண்டும்" என்று கோபப்பட்டால், கொஞ்சம் நிதானியுங்கள்.

போனில் வருபவை என்றால்: "இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் உயிர் போய்விடும்" என்று அவசரப்படுத்துவதுதான் மோசடிக்காரனின் முதல் ஆயுதம். படத்தைப் பார்த்துக் கலங்குங்கள், துஆ செய்யுங்கள். ஆனால் பணம் அனுப்பும் முன் நிதானியுங்கள். அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்க்க உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எந்த வருஷத்துப் படம், எந்த நாட்டுப் படம் என்பது பல நேரம் அதிலேயே தெரிந்துவிடும்.

யூபிஐயில் அனுப்பும்போது, பணம் போகும் முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். அறக்கட்டளை என்று சொன்னார்களே, இங்கே ஏன் ஒரு தனிநபரின் பெயர் வருகிறது என்று பாருங்கள். முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். 2020 மார்ச்சில் பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட உடனேயே, அதன் யூபிஐ முகவரியில் 'எஸ்' என்ற ஒரே ஓர் எழுத்தை விட்டுவிட்டு யாரோ ஒரு போலி முகவரியை உருவாக்கினார்கள். போலீஸ் கண்டுபிடித்துச் சொல்ல, வங்கி அதை முடக்கியது. அரசாங்கத்தின் நிதிக்கே அப்படிச் செய்தவர்கள், நம் மதரஸாவின் பெயரில், யத்தீம்கானாவின் பெயரில் செய்ய மாட்டார்களா? இன்னொன்றையும் வயதானவர்களுக்குச் சொல்லிவையுங்கள்: "உங்களுக்கு ஜகாத் பணம் வந்திருக்கிறது, இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது பொய். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும்.

அமைப்பு என்றால்: பதிவு இருக்கிறதா, வருமான வரித்துறையின் 80ஜி சான்று இருக்கிறதா, வருடாவருடம் கணக்குத் தணிக்கை நடக்கிறதா என்று கேளுங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் குடியுரிமை பெற்ற நம் சொந்தங்கள் கவனியுங்கள்: வெளிநாட்டவரின் நன்கொடையைப் பெற இங்குள்ள அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்திற்குப் பிறகு, அந்தப் பணம் ஸ்டேட் பாங்கின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். "என் தனிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், அமைப்புக்கு நான் மாற்றிக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் நல்லவராகவே இருந்தாலும் அது சரியான வழி அல்ல.

ஆனால் காகிதம் மட்டும் போதாது. பதிவு செய்தவனெல்லாம் யோக்கியன் ஆகிவிட மாட்டான். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். யத்தீம்கானா என்றால் பிள்ளைகள் எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்று பாருங்கள். வசூலுக்கு வருபவருக்குச் சம்பளமா, வசூலில் சதவீதமா என்று கேளுங்கள். வசூலில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வது கூடாது என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள்.

ஃபார்வர்டு செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்ததை முஸ்லிம் ஷரீஃபின் முன்னுரையில் காண்கிறோம். விசாரிக்காமல் நீங்கள் அனுப்பிய ஒரு செய்தியை நம்பி, "நம்ம அண்ணன் அனுப்பியிருக்கிறார்" என்று பத்துப் பேர் பணம் போடுகிறார்கள். அந்தப் பத்துப் பேரை ஏமாற்றியதில் நமக்குப் பங்கில்லையா?

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பள்ளிக்கும் சொல்லுங்கள். நான் அன்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால், அடுத்த ஊரும் ஏமாந்திருக்கும்.

வாங்குகிற கைக்கும் கணக்கு உண்டு

சகோதரர்களே! கொடுப்பவரை மட்டும் எச்சரித்துவிட்டு, வசூலிக்கிற நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஜகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தன் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியில் உள்ள சம்பவம் இது. அனுப்பியது அல்லாஹ்வின் தூதர். போனவர் ஸஹாபி. அவரிடமும் கணக்குக் கேட்கப்பட்டது.

யத்தீம்களின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கை அத்தியாயம் 4, வசனம் 10-இல் இருக்கிறது. யத்தீம்களின் பெயரில் வசூலித்துக் கார் வாங்குபவனுக்கும் அது பொருந்தும். பள்ளியின் பணத்தைக் கணக்கில்லாமல் செலவழிக்கும் நிர்வாகிக்கும் அந்த பயம் வேண்டும்.

அதனால் நம் நிர்வாகத்திடம் இந்த மிம்பரிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். முத்தவல்லி அவர்களிடம் முன்பே பேசி, அவர்களும் சம்மதித்துவிட்டார்கள். இந்த ரமழானில் நம் பைத்துல்மாலுக்கு வரும் ஜகாத், பித்ரா, பொது ஸதகா மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. பெறுபவர்களின் பெயரை மறைத்து, எத்தனை குடும்பத்துக்கு எவ்வளவு என்பது மட்டும் பெருநாளைக்குப் பிறகு வாசல் பலகையில் ஒட்டப்படும். வெளியூரிலிருந்து வருபவர்களை மூன்று பேர் விசாரித்த பிறகே அறிவிப்புச் செய்யப்படும். என்னிடம் நேரடியாக வந்தாலும் இதே விதிதான்.

கை மூடிவிடக் கூடாது

கடைசியாக, இதுதான் முக்கியம். இந்தப் பயானைக் கேட்டுவிட்டு, "எல்லோரும் திருடன், யாருக்கும் கொடுக்க வேண்டாம்" என்று ஒருவர் வீட்டுக்குப் போனால், நான் பேசியது எல்லாம் வீண். ஷைத்தானுக்கு இரண்டு வழியும் ஒன்றுதான். பணம் திருடனிடம் போனாலும் அவனுக்குச் சந்தோஷம், உங்கள் பெட்டியிலேயே பூட்டிக் கிடந்தாலும் சந்தோஷம்.

வாசலில் வந்து கை நீட்டும் முதியவரிடம் ஆதார் அட்டை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கேட்டு வருபவரை விரட்டக் கூடாது என்பது வள்ளுஹா சூராவின் போதனை. பத்தோ இருபதோ கொடுங்கள்; இல்லையென்றால் நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஜகாத்துக்கும் பெரிய தொகைக்கும்தான் விசாரணை. அந்த விசாரணையும் அவர் மானம் போகாமல், நாலு பேர் முன்னால் இல்லாமல் நடக்கட்டும். மனதைப் புண்படுத்திவிட்டுக் கொடுத்த தர்மம் அழிந்துபோகும் என்பது அத்தியாயம் 2, வசனம் 264 தரும் எச்சரிக்கை.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, அதில் ஏமாற வாய்ப்பே குறைவு. ஒரு கவளம் இரண்டு கவளத்துக்காக வீடு வீடாக அலைபவரைவிட, போதுமானது இல்லாமலும், பிறர் கவனத்துக்கு வராமலும், எழுந்து போய்க் கேட்காமலும் இருப்பவரே உண்மையான மிஸ்கீன் என்று நபியவர்கள் விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கும் ஹதீஸ். அத்தியாயம் 2, வசனம் 273-உம் அப்படிப்பட்டவர்களையே காட்டுகிறது: அவர்களுடைய சுயமரியாதையைப் பார்த்து, அறியாதவன் அவர்களை வசதியானவர்கள் என்று நினைத்துக்கொள்வான்.

அவர்களை வாட்ஸ்அப்பில் பார்க்க முடியாது. அவர்களுக்கு ரசீது புத்தகம் கிடையாது. உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். கணவரை இழந்து தையல் மெஷினோடு போராடும் தங்கச்சி, கடன் வாங்கி மகளைக் கட்டிக்கொடுத்த மச்சான், சம்பளம் போதாத மோதினார். உறவினருக்குக் கொடுப்பதில் தர்மத்தின் நன்மையும் உறவைச் சேர்த்த நன்மையும் உண்டு என்று நபியவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. அவர்களைப் பற்றி விசாரிக்க மூன்று பேரைத் தேட வேண்டியதில்லை. நமக்கே தெரியும். தெரிந்தும் பாராமல் இருந்ததுதான் நம் குறை.

இந்த ரமழானில் கணக்குப் போட்டு முடித்ததும், முதல் பெயராக உங்கள் தெருவில் உள்ள ஒருவரின் பெயரை எழுதுங்கள். பிறகு ஊர், பிறகு வெளியூர், பிறகு உலகம்.

யா அல்லாஹ்! எங்கள் ஜகாத்தையும் ஸதகாவையும் உரியவர்களிடம் சேர்த்துவைப்பாயாக! அறியாமல் நாங்கள் செய்த தவறுகளை மன்னிப்பாயாக! ஏழைகளின் பெயரில் ஏமாற்றுபவர்களுக்கு நேர்வழி காட்டி, அவர்களுடைய தீங்கிலிருந்து இந்த உம்மத்தைக் காப்பாற்றுவாயாக! எங்கள் கைகளைக் கொடுக்கும் கைகளாகவும், எங்கள் கண்களைப் பக்கத்து வீட்டுப் பசியைக் காணும் கண்களாகவும் ஆக்குவாயாக! ரமழானை ஆரோக்கியத்தோடு அடையச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.